கிணற்றுப் பலகை

புரசைவாக்கத்தில் டிராமை விட்டு இறங்கி
ஜட்கா பேசும்போது இடத்தைச் சொன்னால்
வண்டிக்காரன் முதலில் என் முகத்தைப் பார்ப்பான்,
பிறகு பிள்ளைகள் முகத்தை.
"டாக்டர் ஞானசிகாமணி வீடு" என்பேன்.
"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க" என்றான் ஒருவன்.
பாவம் என்று அரையணா குறைத்துக்கொண்டான்.

மதில் இரண்டு ஆள் உயரம்.
அதற்கு உள்ளேதான் எங்கள் வீடும்,
கிணறும், கோழிக்கூடும், நான் நட்ட முருங்கையும்.
என் பிள்ளைகள் நான்கும் நடை பழகியது
வார்டர்களின் சாவிக்கொத்துச் சத்தத்துக்கு.
இளையவள் ரோசலின் முதலில் சொன்ன சொல்
அம்மா இல்லை, அப்பா இல்லை,
"பூட்டு".

ராத்திரி எண்ணிவிட்டுத்தான் வருவார்.
ஆண்கள் பக்கம் நானூற்றுப் பதினொன்று,
பெண்கள் பக்கம் நூற்று அறுபத்து மூன்று.
வந்து, விளக்கைத் தாழ்த்திப் பிடித்து,
பாயில் கிடக்கும் எங்கள் நான்கையும்
விரல் மடக்கி எண்ணுவார்.
என்னையும் சேர்த்து எண்ணுகிறாரோ என்று
ஒருநாள் தூங்குவதுபோல் கிடந்து பார்த்தேன்.
ஐந்தாவது விரல் மடங்கியது.
சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை.

எல்லையன் எங்கள் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க வருவான்.
காசிமேட்டுக்காரன். வலை பின்னிய கை;
தாம்புக்கயிற்றை மடக்கிப் போடும் அழகே தனி.
சித்திரையிலிருந்து ஒரே பேச்சு:
"கடலு பத்திக்கப் போவுது தாயீ."
துரைக்கு விளங்க இவர் அதை இங்கிலீஷாக்கி
ரிஜிஸ்தரில் ஏற்றியிருந்தார்.
என்ன எழுதினீர்கள் என்றேன்.
"வீண் எண்ணம். மாறவில்லை."

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை,
சாப்பாடு முடிந்து ஏனம் கழுவும் நேரம்
கிழக்கே இடி. மழை இடி இல்லை.
பெரியவன் மாடிப்படி ஏறிப் பார்த்துவிட்டு
"வானம் கொதிக்குதும்மா" என்று இறங்கிவந்தான்.
ஜெர்மன்காரன் கப்பல், எண்ணெய்த் தொட்டி என்பதெல்லாம்
விடிந்து தெரிந்தது.
அன்றிரவு கேட்டதெல்லாம்
மதிலுக்கு அப்பால் ஊர் ஓடுகிற ஓட்டம்.
கூண்டு வண்டி, ஆட்டுக்குட்டி, தலையில் தையல் மிஷின்,
பெரம்பூர் ஸ்டேஷன் எந்தப் பக்கம் என்று கேட்டு
எதிர்ப்பக்கம் ஓடிய ஒரு வக்கீல்.
நானும் பிள்ளைகளுக்குச் சட்டை மாட்டி நின்றேன்.
"போகிறதானால் நீங்கள் போங்கள்," என்றார்,
"உள்ளே ஐந்நூற்று எழுபத்து நாலு பேர் இருக்கிறார்கள்."
வெளிவாசல் சாவியை என் கையில் வைத்துவிட்டு
விளக்கோடு போனார்.
நான் போகவில்லை. தியாகம் ஒன்றும் இல்லை.
அந்தச் சாவியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று
பத்து வருஷத்தில் நான் கற்றுக்கொண்டதே இல்லை.

உள்ளே பாதிப்பேர் தூங்கியே கிடந்தார்களாம்.
எல்லையன் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு
கிழக்கைப் பார்த்து அழுதானாம்.
கரையோரக் குடிசையில் அவனுக்கு இரண்டு பெண்கள்.

மறுநாள் ரிஜிஸ்தரை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.
தொட்டுத் தொட்டுப் பேனாவில் மை காய்ந்தது.
"அடிக்கவா, விடவா?"
நான் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தேன்.
"அவன் பெண்கள் எப்படி இருக்கிறார்கள் என்று
விசாரித்து எழுதுங்கள்."
அதற்கு அதில் கட்டம் இல்லை என்றார்.

ஐப்பசியில் எல்லையன் மறுபடி இறைக்க வந்தான்.
குடத்தை இறக்கிவைத்து, என்னைப் பார்க்காமல்,
"கெணத்த மூடி வையி தாயீ" என்றான்.
அவ்வளவுதான்.

தச்சனைக் கூப்பிட்டேன். பலாப்பலகை, ஒன்றேகால் ரூபாய்.
இவரிடம் சொல்லவில்லை.
கோழி விழுகிறது என்று ஒரு பதில்
தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை.

ஆனால் எண்ணிக்கை முடிந்து வரும் விளக்கு
இப்போது நேரே வீட்டுக்கு வருவதில்லை,
கொல்லைப்பக்கம் திரும்புகிறது.
செருப்புக்காலால் பலகையை ஒருமுறை,
நின்று, இன்னொருமுறை
அழுத்திப் பார்க்கும் சத்தம்.
அதற்குப் பிறகுதான்
விரல் மடக்க வருகிறார்.